குறையும் எதனோல், காலையில் மணக்கும் மூச்சு: துறைத் தலைவி ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

கொழும்பிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் விஞ்ஞான பீடத்தில் பதில் துறைத் தலைவராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறோம்.

"எங்கள் ஆய்வுகூட உதவியாளருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நான் மாணவியாக இருந்த காலத்திலேயே இங்கே வேலை செய்தவர். ஆறு மாதமாகக் காலையில் அவரிடம் மது வாடை. வரும்போது கை நடுங்குகிறது. பத்து மணிக்குப் பிறகு நடுக்கம் நின்று நல்ல மனிதராகிவிடுகிறார். இரண்டு தடவை கண்ணாடிப் பாத்திரங்களைப் போட்டு உடைத்தார். போன மாதம் செறிந்த நைத்திரிக் அமிலப் போத்தலை மூடி இறுக்காமலே தூக்கினார். ஒரு மாணவி கண்டு சத்தம் போட்டதால் தப்பினோம்.

மூன்று மாதத்தில் ஐந்து லீற்றர் எதனோல் (குடிக்கும் மதுவிலுள்ள அதே மதுசாரம்) கணக்கில் இடிக்கிறது. 'மிஸ், ஒரு போத்தல்ல கொஞ்சம் மெதனோல் கலந்து வைப்பம், ஒரு நாள் வருத்தம் வந்தா பிறகு தொடமாட்டார்' என்கிறார் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இன்னொருவர் இணையத்தில் வாங்கிய ஊதுகருவியோடு நிற்கிறார். பீடாதிபதியிடம் சொன்னால் அவருடைய வேலை போய்விடும். மனைவி என்னிடம் வந்து, 'தங்கச்சி, மூத்தவள் ஏ.எல். எடுக்கிறாள், கொஞ்சம் பொறுங்கோ' என்று அழுதார். திங்கட்கிழமையிலிருந்து முற்றாக விடுவதாக அவரும் சத்தியம் செய்கிறார். வேறு துறைக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

இதற்கிடையில் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் மாணவர் கழிப்பறைக்குப் பின்னால் கிடந்ததென்று சிறிய பொலித்தீன் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பயத்தில் குப்பையில் போட்டுவிட்டேன். ஒருவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. பேசாமலிருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?"

வைத்தியரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மெதனோல் யோசனையை இன்றைக்கே நிறுத்துங்கள். அதைச் சொன்னவரை அழைத்து, இன்னொருவர் முன்னிலையில், அது நடக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மெதனோல் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகும் பொருளன்று. உடலுக்குள் அது போர்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். 10 மில்லிலீற்றர் அளவே கண்ணைப் பறிக்கப் போதும். 30 மில்லிலீற்றர் உயிரையே எடுக்கலாம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை கழித்துத்தான் தலையிடி, வாந்தி, கண்முன் வெண்பனி போன்ற மங்கல் எல்லாம் தொடங்கும். அதற்குள் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். குடிப்பார் என்று தெரிந்தே நஞ்சு கலந்து வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் பாரதூரமான குற்றம். கலந்தவரோடு, தெரிந்தும் தடுக்காத உங்களையும் அது சேர்த்து இழுக்கலாம். மெதனோல் ஏற்கெனவே கலந்திருக்கும் மெதிலேற்றட் ஸ்பிரிற்று உங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தால் அதையும் பூட்டுக்குள் கொண்டுபோங்கள். சாயமும் கசப்பும் எல்லோரையும் தடுப்பதில்லை. குடிக்குத் தவிக்கிறவர் நிறத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்து, உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: காலையில் கை நடுக்கம், பத்து மணிக்குப் பிறகு சுகம். நீங்கள் இதைக் காலையில் வெறி, பிறகு தெளிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு. இரவெல்லாம் குடிக்காமல் இருந்த உடம்பில் மதுவின் அளவு குறையும்போது வருவதுதான் அந்த நடுக்கம். அது சட்டென்று அடங்குகிறதென்றால், எட்டுக்கும் பத்துக்கும் இடையில் அவர் எங்கோ கொஞ்சம் குடித்திருக்கக்கூடும். பார்த்தவுடன் வரும் சந்தேகமே தவிர இது நோய்நிர்ணயம் இல்லை. தைரொயிட் கோளாறு, சில ஆஸ்துமா மருந்துகள், வயதோடு வரும் நடுக்கம் எல்லாவற்றுக்கும் இதில் இடமுண்டு. ஆனாலும் சந்தேகம் சரியாக இருந்தால், இவர் ஒழுக்கம் கெட்ட ஊழியர் என்பதற்கு முன் நோயாளி. அதோடு, அவருடைய அந்தத் திங்கட்கிழமைச் சத்தியம் ஆபத்தானது.

திங்கட்கிழமை ஏன் ஆபத்து

நீண்டகாலம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், 6 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணில் தெரியும், காய்ச்சலும் சேரும். இந்த நிலைக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். ஞாயிறு இரவோடு விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவருக்கு வலிப்பு வரக்கூடியது திங்களிலோ செவ்வாயிலோ, அதுவும் அமிலப் போத்தல்களுக்கு நடுவில். எங்கள் சனம் "மனம் வைச்சா விடலாம்" என்று சொல்லிச் சொல்லியே பலரை இந்தப் பள்ளத்தில் தள்ளியிருக்கிறது. சத்தியம் வாங்காதீர்கள். "விட முடிவெடுத்தது நல்லது. ஆனால் வைத்தியரைக் காணாமல் சட்டென்று நிறுத்த வேண்டாம்" என்று சொல்லுங்கள். வைத்தியசாலையிலோ வைத்தியரின் கண்காணிப்பிலோ ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, தயமின் விற்றமினும் கொடுத்து இதைப் பாதுகாப்பாகக் கடக்கலாம்.

இனி ஐந்து லீற்றர் கணக்குக்கு வருவோம். திருட்டு என்று முடிவெடுக்க முன் பெருக்கிப் பாருங்கள். 70 வீத எதனோல் 500 மில்லிலீற்றர் விசிறல் போத்தல் ஒன்றைத் தயாரிக்க 95 வீத எதனோல் ஏறத்தாழ 370 மில்லிலீற்றர் போகும். அந்தக் கணக்கில் ஐந்து லீற்றர் என்பது பதின்மூன்று போத்தல். மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒன்று. மேசை துடைக்கவும் கை துடைக்கவும் எல்லோரும் எடுத்து, யாரும் எழுதாமல் விட்டிருந்தால் திருடனே தேவையில்லை. மதுசார விளக்குகளும் மூடி தளர்ந்த கழுவு போத்தல்களும் தங்கள் பங்குக்குக் குடிக்கும். அதனால் முதலில் பதிவேட்டைத் திருத்துங்கள். புதிய போத்தல் வந்த அன்றே நிறுத்துப் பார்த்து எடையைச் சிட்டையில் எழுதி ஒட்டுங்கள். எடுப்பவர் பெயர், எந்தப் பரிசோதனை, எடுக்கும்போது எடை, திரும்பும்போது எடை என்று நான்கு கட்டம் போதும். இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் திறப்பு. மாதத்தில் ஒரு நாள், வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் வந்து இருப்பை எண்ணட்டும்.

எடை பார்ப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. எடுத்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பியிருந்தால் அளவுக் கோடு காட்டிக்கொடுக்காது, தராசு காட்டிக்கொடுக்கும். எதனோல் தண்ணீரை விட இலேசானது. அரை லீற்றர் எதனோலுக்குப் பதில் அரை லீற்றர் தண்ணீர் ஊற்றினால் போத்தல் ஏறத்தாழ 95 கிராம் பாரம் கூடும். இது உங்கள் மாணவரின் ஆய்வு முடிவுகளையும் கெடுக்கும் விடயம். எதனோல் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். கணக்கில்லாத இருப்பு பிறகு முழுப் பீடத்தின் கொள்வனவுக்கே இடைஞ்சலாகலாம். இந்த ஒழுங்கை அவருக்கென்று செய்யாமல் எல்லோருக்கும் ஒரே நாளில் கொண்டுவாருங்கள். இரண்டு மாதத்தில் கசிவு தானாக நின்றால் நல்லது. நிற்காவிட்டால் உங்கள் கையில் எழுத்தில் ஆதாரம் இருக்கும்.

ஊதுகருவியை அலுமாரிக்குள் வையுங்கள்

மலிவான கருவிகளின் உணரிகள் எதனோலை மட்டுமன்றி வேறு ஆவிகளையும் பிடிக்கும். கட்டுப்பாடில்லாத நீரிழிவுக்காரரின் மூச்சிலுள்ள அசற்றோனுக்கும் சில கருவிகள் எண் காட்டும். கை கழுவும் சனிற்றைசர் மணக்கும் ஓர் ஆய்வுகூடத்தில், ஒழுங்காக அளவுதிருத்தப்படாத கருவி காட்டும் எண்ணை எந்த விசாரணையிலும் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள். அதை விட முக்கியம், ஒருவரைக் கட்டாயப்படுத்தி ஊத வைக்கவோ சிறுநீர் வாங்கவோ துறைத் தலைவருக்கு அதிகாரம் இல்லை. அது வைத்தியரின் வேலை, அதுவும் அவருடைய சம்மதத்தோடு.

போதைப்பொருளைக் கண்டறியும் சிறுநீர்க் கீலப் பரிசோதனையைப் பற்றியும் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். கொடேயின் சேர்ந்த வலிமருந்தும் இருமல் பாணியும், ஏன், கசகசாவும் கூட அபின் வகைக்கு நேர்மறை காட்டலாம். தடிமன் மருந்திலுள்ள சூடோஎபிட்ரின் அம்பெற்றமின் வகைக்குக் காட்டலாம். கஞ்சாவைத் தொடர்ந்து பாவித்தவருக்கு விட்டு வாரக்கணக்கான பிறகும் நேர்மறை வரும். ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தாத கீலம் வெறும் சந்தேகம். உறுதிப்படுத்திய முடிவுகூட முன்பு உட்கொண்டார் என்று சொல்லுமே ஒழிய, அந்த நேரத்தில் அவர் தகுதியிழந்த நிலையில் இருந்தார் என்று சொல்லாது.

மது வாடையும் அப்படித்தான். சாராயத்தின் வலு ஏறத்தாழ 33 முதல் 37 வீதம். அரைப் போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர், சுமார் 100 கிராம் தூய மதுசாரம். சராசரி உடம்பு மணிக்கு 8 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு பதினொரு மணிக்கு முடித்தவரின் இரத்தத்தில் காலை எட்டு மணிக்கும் மீதி இருக்கும். "நான் இஞ்ச குடிக்கேல்ல, மிஸ்" என்று அவர் சொல்வது பல நாட்களில் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அமிலத்துக்கும் மாணவருக்கும் நடுவில் நிற்க அந்த மீதியே கூடுதல். அவர் எங்கே குடித்தார் என்று துருவுவதை விடுங்கள். இந்த நிமிடம் இந்த வேலைக்குத் தகுதியான நிலையில் இருக்கிறாரா என்பது மட்டுமே உங்கள் கேள்வி.

அந்தக் காலையில் செய்ய வேண்டியது

அடுத்த தடவை அவர் அந்த நிலையில் வரும்போது, முதலில் வேலையை விட்டு விலக்குங்கள், விவாதம் பிறகு. மாணவருக்கு முன்னால் வேண்டாம். உங்கள் அறையில், இன்னொரு மூத்த உத்தியோகத்தரை வைத்துக்கொண்டு, உட்கார வைத்துக் கதையுங்கள்.

இது வருத்தமாக இருக்குமோ என்று முதலில் பாருங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சீனி குறைந்தால் வியர்வை, தடுமாற்றம், குழறல், எரிச்சல் எல்லாம் வெறியைப் போலவே தெரியும். வாய் ஒருபக்கம் கோணியிருந்தால், ஒரு கை தளர்ந்திருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். ஆய்வுகூடத்து எதையாவது குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அவர் நன்றாகத் தெரிந்தாலும் தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். குடித்ததாக நினைக்கும் போத்தலையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.

அவசரம் இல்லையென்றால், பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்கு ஒருவரைத் துணைக்கு அனுப்பி, கடமைக்குத் தகுதியா என்று எழுத்தில் கேளுங்கள். நிலையத்தில் வைத்தியர் இல்லாத நேரமாக இருந்தால் அரச வைத்தியசாலைக்கு. அவர் போக மறுத்தால் மறுத்ததை எழுதிக்கொள்ளுங்கள், இழுத்துப் போகாதீர்கள். மோட்டார் சைக்கிள் திறப்பை அவர் கையில் கொடுத்து "வீட்ட போய்ப் படுங்கோ" என்று அனுப்புவதுதான் நான் அதிகம் கேள்விப்படும் தவறு. இந்த நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் எல்லை. அதைத் தாண்டியவரை காலி வீதியில் நீங்களே ஏற்றிவிட்டதாகிவிடும். மனைவியையோ மகனையோ அழைத்து ஒப்படையுங்கள், அல்லது முச்சக்கரவண்டியில் ஒருவரோடு அனுப்புங்கள்.

அன்றே எழுதுங்கள். "வெறியில் இருந்தார்" என்று எழுதாதீர்கள், அது தீர்ப்பு. "காலை 8.20. வாயில் மது வாடை. பேச்சு குழறியது. நேராக நிற்க மேசையைப் பிடித்தார். கேட்டபோது நேற்று இரவு கலியாண வீடு என்றார்." இப்படிக் கண்டது, கேட்டது, மணந்தது, நேரம், கூட இருந்தவர். அவர் சொன்ன விளக்கத்தையும் சேர்த்து எழுதிக் கையொப்பமிடுங்கள், மற்றவரும் இடட்டும். நைத்திரிக் அமிலச் சம்பவத்துக்கு இப்படி ஒரு குறிப்பு இருக்கிறதா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது. இன்றைய திகதியை இட்டு, நினைவிலிருந்து எழுதுவது என்று குறிப்பிட்டே இப்போதாவது எழுதிவையுங்கள். பழைய திகதி போட வேண்டாம்.

அவருடைய பையையோ உடையையோ நீங்கள் தொடாதீர்கள். அலுமாரி பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருந்தாலும், பாதுகாப்பு உத்தியோகத்தர், சாட்சி, அவர் என மூன்று பேரும் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும்.

பீடாதிபதியிடம் சொன்னால் வேலை போய்விடுமா

போகாது, குறைந்தது அப்படிப் போகாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் ஊழியரைத் துறைத் தலைவரோ பீடாதிபதியோ ஒரு மாலையில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், விளக்கமளிக்க அவகாசம், முறைசார் விசாரணை, பிறகுதான் ஒழுக்காற்று அதிகாரியின் தீர்மானம். அதிலும் குறை இருந்தால் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை இருக்கிறது. விசாரணையில் அவருக்குத் துணை நிற்கத் தொழிற்சங்கம் வரும், வரட்டும். நடைமுறையைச் சரியாகச் செய்ய அது உங்களுக்கும் உதவும். ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: கடிதங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்தால் தமிழில் கேட்க அவருக்கு உரிமை உண்டு. தமிழும் அரசகரும மொழி. விளங்காத குற்றப்பத்திரத்துக்குக் கையொப்பம் வைத்துவிட்டுப் பிறகு அழுகிறவர்கள் அதிகம்.

இந்த நடைமுறை நீளமானது என்பதே உங்களுக்குத் தரும் சுதந்திரம். இன்றைக்கு நீங்கள் கேட்க வேண்டியது தண்டனை இல்லை, இரண்டு விடயங்கள்தான். அவரை அபாயமான வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்குவது, வைத்தியரிடம் அனுப்புவது. இரண்டையும் பீடாதிபதிக்கும் பதிவாளருக்கும் எழுத்தில், இரகசியம் என்று குறித்து, அனுப்புங்கள். மௌனம் யாரைக் காக்கிறது என்றும் யோசியுங்கள். அந்த மாணவி அன்று சத்தம் போடாமல் இருந்து அமிலம் முகத்தில் பட்டிருந்தால், "ஆறு மாதமாகத் தெரிந்த துறைத் தலைவர் என்ன செய்தார்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. அவருக்கே காயம் பட்டிருந்தால், வெறியில் இருந்ததைக் காரணம் காட்டித் தொழிலாளர் இழப்பீடு மறுக்கப்படவும் இடமுண்டு. பிறகு அந்த ஏ.எல். பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

வேறு துறைக்கு மாற்றும் யோசனை வேண்டாம். விபரம் சொல்லாமல் அனுப்பினால் உங்கள் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வளவுக்குள் கொட்டுவது போலாகும். சொல்லி அனுப்பினால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

சிகிச்சை, பிறகு வேலை

தனியாகக் கதைக்கும்போது "நீங்கள் குடிகாரர்" என்று தொடங்காதீர்கள். அடுத்த நொடியே கதவு மூடிவிடும். உடைந்த பாத்திரம், திறந்த போத்தல், நடுக்கம், பிந்தி வந்த நாட்கள் என்று கண்டதை மட்டும் வரிசையாகச் சொல்லி, "எனக்கு உங்களைப் பற்றி யோசனையாக இருக்கிறது. இந்த நிலையில் உங்களை அமில அறைக்குள் விட என்னால் முடியாது. வைத்தியரைக் காண ஒழுங்கு செய்வோம்" என்று நிறுத்துங்கள். காலையில் தெளிவான நேரம் எது என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் கதையுங்கள். மறுப்பார். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். மூன்றாவது தடவைதான் பலர் தலையாட்டுகிறார்கள்.

கொழும்பில் போக இடமில்லாமல் இல்லை. தேசிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் இரண்டும் உண்டு. நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தே வழி கேட்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927; அதன் சிகிச்சை நிலையம் ஒன்று தலங்கமையில் இருக்கிறது. கொழும்பு 7இல் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் குடிப்பழக்கத்திலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீள உதவுகிறது. தமிழில் கதைக்கக்கூடியவர் எந்த நாள் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தன் சொந்தப் பாஷையில் சொல்ல முடியாதவர் இரண்டாம் தடவை போகமாட்டார்.

வைத்தியர் பெரும்பாலும் குடிப்பழக்கம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தில் தொடங்குவார். 8 புள்ளியில் கவனம், 20 புள்ளியில் மதுவுக்கு அடிமையான நிலை என்ற சந்தேகம். ஈரல், இரத்தப் பரிசோதனைகள் தொடரும். ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும், குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்பிராமும் உண்டு. டைசல்பிராம் விடயத்தில் உங்கள் துறைக்கென்றே ஓர் எச்சரிக்கை. அதை எடுப்பவருக்கு எதனோல் ஆவியும் கை துடைக்கும் சனிற்றைசரும் கூடப் பிரச்சினை தரலாம். அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதை வைத்தியருக்கு எழுதியனுப்புங்கள். கரைப்பான் களஞ்சியத்திலிருந்து அவரை மாற்றுவதைத் தண்டனையாக நினைக்காமல் மருத்துவத் தேவையாகவே காட்டலாம். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் வேலையை வீட்டாரும் செய்யக் கூடாது. தெரியாமல் அதை விழுங்கிவிட்டு அரைப் போத்தல் குடித்தவர் இருதயம் நின்றும் போகலாம்.

சிகிச்சை நாட்களைச் சுகயீன விடுமுறையாகப் போடுங்கள். துறைக்கு வர வேண்டியது "தகுதி", "தகுதியில்லை", "இன்ன வேலைகள் தவிர" என்ற குறிப்பு மட்டும். நோயின் பெயரும் பரிசோதனை முடிவும் வைத்தியரோடு நிற்கட்டும். திரும்பி வரும்போது ஒரு பக்க உடன்பாடு எழுதுங்கள்: முதல் ஆறு மாதம் எந்த வேலைகள், கிளினிக் நாட்களுக்கு விடுப்பு, எந்த உத்தியோகத்தரோடு வாரம் ஒருமுறை கதைப்பது, மீண்டும் அந்த நிலையில் வந்தால் என்ன நடக்கும். முதல் மூன்று மாதத்தில் வழுக்குவது அதிகம். வழுக்கிய முதல் நாளிலேயே எல்லாம் வீண் என்று முடிவெடுக்காதீர்கள். அதே வேளை எழுதியதை நடைமுறைப்படுத்தாமலும் விடாதீர்கள். நோய் என்பது சிகிச்சைக்கு உரிமை தரும். ஆய்வுகூடத்தில் குடித்துவிட்டு நிற்க உரிமை தராது. சிகிச்சையை மறுத்து அதே நிலையில் தொடர்ந்து வந்தால், ஒழுக்காற்று நடைமுறையைத் தொடங்க நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

அந்தப் பொட்டலம்

குப்பையில் போட்டது பிழை, ஆனால் நடந்தது நடந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதி பல்கலைக்கழகத்தின் பிரதான பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் கொடுங்கள். இனி இப்படி ஒன்று கிடைத்தால் யாரும் தொடக் கூடாது, மணந்து பார்க்கக் கூடாது, உங்கள் அறைக்குக் கொண்டுவரவும் கூடாது. துப்புரவுத் தொழிலாளிக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். கையில் எடுத்துக்கொண்டு மாடியேறுவதே உடைமையில் வைத்திருந்ததாகச் சந்தேகிக்க வழிசெய்யும். நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயினுக்கும், 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட "ஐஸ்" (மெதம்பெற்றமின்) போதைப்பொருளுக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். விளையாட்டான விடயம் இல்லை. அந்த இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, பாதுகாப்புப் பிரிவை அழையுங்கள். அவர்கள் பொலிஸாரை அழைக்கட்டும். யாருடையது என்று மாணவரை விசாரிப்பது உங்கள் வேலையில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பீடத்து ஆண்டிறுதி ஒன்றுகூடலில் பேராசிரியர்களின் மேசையில் போத்தல் நிற்குமென்றால், திங்களில் ஆய்வுகூட உதவியாளருக்குக் குற்றப்பத்திரம் கொடுப்பதைத் தொழிற்சங்கம் மட்டுமல்ல, மனச்சாட்சி உள்ள எவரும் கேள்வி கேட்பார்கள். வளாகத்துக்குள்ளும் பல்கலைக்கழகப் பஸ்ஸில் போகும் சுற்றுலாவிலும் மது இல்லை என்ற ஒரு பக்கக் கொள்கையைப் பீடச் சபைக்குக் கொண்டுபோங்கள். அது தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். துணைவேந்தரிலிருந்து தோட்டத் தொழிலாளி வரை பொருந்தட்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைத் தடுக்கிறது; உங்கள் முதல் வருடத்தில் அந்த வயதை எட்டாதவர் ஏராளம். மாணவர் விழாவுக்கு மது நிறுவனத்தின் அனுசரணை வாங்குவதற்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. கொள்கையில் மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, அந்த நேரத்தில் யார் என்ன செய்வது, தானாக முன்வந்து உதவி கேட்பவரை எப்படி நடத்துவது. எழுமாறாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும் யோசனையை யாராவது எழுப்பினால் எதிர்த்து நில்லுங்கள். செலவும் சண்டையும் மிஞ்சும். நடுங்கும் கையை அது கண்டுபிடிக்காது.

அந்த அக்கா மீண்டும் வந்து அழுதால், கணவரின் கோவையில் இருப்பதைப் பற்றி எதுவும் கதைக்காதீர்கள். வேலையைக் காப்பாற்றித் தருவேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். 1926, 1927 இரண்டு இலக்கங்களையும் எழுதிக் கொடுங்கள். கணவர் வர மறுத்தாலும் தான் மட்டும் போய் ஆலோசனை பெறலாம் என்று சொல்லுங்கள். வீட்டில் அவர் திடீரென்று குடியை நிறுத்திய நாட்களில் கை கடுமையாக நடுங்கி, வியர்த்து, பிதற்றத் தொடங்கினால் காத்திருக்காமல் 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள்.